அனுமதி விரைவாகக் கிடைப்பது எப்படி? அமெரிக்க மாநிலங்கள் குறித்து வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அமெரிக்காவில் ஒரு தொழிற்சாலை கட்ட யாரிடமெல்லாம் அனுமதி பெற வேண்டும்? அதில் மாநில அரசு விரைவுபடுத்தக்கூடிய பகுதி எவ்வளவு?

பதில்: அங்கே அனுமதி மூன்று அடுக்குகளாக இருக்கிறது. நிலத்தை எந்தப் பயன்பாட்டுக்கு ஒதுக்குவது, கட்டட வரைபடத்தை ஏற்பது ஆகியவை நகராட்சி, கவுண்டி போன்ற உள்ளாட்சிகளின் கையில் உள்ளன. காற்று மாசு, கழிவுநீர், மழைநீர் வடிகால், நிலத்தடி நீர், மாநில நெடுஞ்சாலையுடன் இணைப்பு ஆகியவற்றைப் பெரும்பாலும் மாநிலத் துறைகள் கவனிக்கின்றன. ஈரநிலங்களை மண் கொட்டி நிரப்புவதற்கான அனுமதியை, மிகச் சில மாநிலங்கள் நீங்கலாக, கூட்டாட்சி அரசின் ராணுவப் பொறியாளர் படை வழங்குகிறது.

மாநிலத் துறைகள் வழங்கும் சுற்றுச்சூழல் அனுமதிகளில் பல, உண்மையில் கூட்டாட்சிச் சட்டங்களின் கீழ் வருபவை என்பதை மறந்துவிடக் கூடாது. தூய நீர்ச் சட்டத்தின்படி கழிவுநீரை வெளியேற்றுவதற்கான அனுமதியை மிகப் பெரும்பாலான மாநிலங்கள் தாமே வழங்குகின்றன. ஆனால், வரைவு அனுமதியை வெளியிட்ட பிறகு பொதுமக்கள் கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாட்கள் தர வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. எந்த ஆளுநராலும் அந்த 30 நாட்களை 10 ஆகக் குறைக்க முடியாது. (அமெரிக்க ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர், அதிகாரத்தில் நம் முதலமைச்சருக்கு நிகரானவர்.)

அப்படியானால் எஞ்சுவது என்ன என்று நீங்கள் கேட்கலாம். எஞ்சுவதுதான் பெரும்பகுதி. ஓர் அனுமதி ஓராண்டு எடுத்தது என்றால், அந்த ஓராண்டு முழுவதும் ஒரு பொறியாளர் அந்தக் கோப்பைப் படித்துக்கொண்டிருந்தார் என்று பொருளில்லை. விண்ணப்பம் குறைபாடுகளுடன் வந்திருக்கும். குறையைச் சுட்டும் கடிதம் பல வாரங்கள் கழித்துப் போயிருக்கும். பதில் வந்தபோது முதலில் படித்த அலுவலர் வேறு பிரிவுக்கு மாறியிருப்பார். ஒரு துறை முடிக்கும் வரை மற்றொரு துறை தொடங்காமலேயே இருந்திருக்கும். இந்த இடைவெளிகள் சட்டத்தில் எழுதப்பட்டவை அல்ல. எனவே சட்டத்தைத் தொடாமலேயே மாநில நிர்வாகம் இவற்றைக் குறைக்க முடியும். கீழே வரும் பதில்களில் நான் எந்த முயற்சியையும் இந்த அளவுகோலைக் கொண்டுதான் மதிப்பிடுகிறேன்: அது வீணான காத்திருப்பைக் குறைக்கிறதா, அல்லது கேட்கப்பட வேண்டிய கேள்வியையே நீக்குகிறதா?

கேள்வி: பென்சில்வேனியாவில் அனுமதி தாமதமானால் கட்டணத்தைத் திருப்பித் தருகிறார்களாமே? பல கோடி டாலர் முதலீடு செய்பவருக்கு அந்தச் சிறு தொகையால் என்ன பயன்?

பதில்: பணத்தைப் பொறுத்தவரை பயன் மிகக் குறைவு, உங்கள் ஐயம் நியாயமானது. ஆனால் அந்தத் திட்டத்தின் பலன் வேறிடத்தில் இருக்கிறது.

ஆளுநர் ஜாஷ் ஷபீரோ 2023 ஜனவரியில் பதவியேற்ற அதே மாத இறுதியில் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு துறையும் தான் வழங்கும் உரிமங்கள், சான்றிதழ்கள், அனுமதிகள் அனைத்தையும் பட்டியலிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சட்டத்தில் காலவரம்பு உண்டா, நடைமுறையில் எத்தனை நாள் ஆகிறது, கட்டணம் எவ்வளவு என்று குறிப்பிட வேண்டும் என்பது அதன் சாரம். பட்டியல் முடிந்தபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் அதில் இருந்தன. அதன் அடிப்படையில்தான் 2023 நவம்பரில் ‘பேபேக்’ என்ற இணையவழித் திட்டம் தொடங்கியது: அறிவிக்கப்பட்ட நாளுக்குள் முடிவு சொல்லாவிட்டால் விண்ணப்பக் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

என் பார்வையில் கட்டணத்தைத் திருப்பித் தருவதைவிட அந்தப் பட்டியல்தான் பெரிய சீர்திருத்தம். தன்னிடம் எத்தனை வகை அனுமதிகள் உள்ளன என்பதையே அறியாத அரசு எதையும் விரைவுபடுத்த முடியாது. காலவரம்பை வெளிப்படையாக அறிவித்துவிட்டால், ‘ஆய்வில் உள்ளது’ என்ற ஒற்றை வரியில் கோப்பை நிறுத்திவைக்க இயலாது. ஒரு துறை திருப்பித் தரும் ஒவ்வொரு கட்டணமும் அதன் தாமதத்துக்கு எழுத்துப்பூர்வமான சான்றாகிவிடுகிறது. துறைத் தலைவர்கள் அஞ்சுவது அந்தச் சான்றுக்குத்தான்.

இத்துடன் பென்சில்வேனியா நிற்கவில்லை. கூட்டாட்சி அளவில் 2015-ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு, பெரிய உட்கட்டமைப்புத் திட்டங்களுக்குக் கால அட்டவணை வகுத்து அதைப் பொதுவெளியில் வெளியிடும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதே முறையைப் பின்பற்றி, 2024 நவம்பரில் பென்சில்வேனியா தன் மாநிலத் துறைகளுக்கும் விரைவுத்தட அனுமதித் திட்டம் ஒன்றை உருவாக்கியது. தேர்ந்தெடுக்கப்பட்ட திட்டங்களுக்குத் தொடர்புடைய துறைகள் அனைத்தும் முதலிலேயே ஒன்றாக அமர்ந்து, எந்த அனுமதி எந்த நாளில் என்று ஒப்புக்கொண்டு, அந்த அட்டவணையை எவரும் பார்க்கும்படி வைக்கின்றன.

கேள்வி: குறித்த நாளுக்குள் அரசு பதில் சொல்லாவிட்டால் அனுமதி வழங்கப்பட்டதாகவே கருதும் முறை இதைவிடக் கண்டிப்பானது அல்லவா? அதையே எல்லா மாநிலங்களும் ஏற்கலாமே?

பதில்: கண்டிப்பானது என்பதில் ஐயமில்லை, எல்லா அனுமதிகளுக்கும் பொருத்தமானது என்பதில்தான் நான் மாறுபடுகிறேன்.

ஃபுளோரிடாவின் நிர்வாக நடைமுறைச் சட்டப்படி, விண்ணப்பம் வந்து 30 நாட்களுக்குள் துறை குறைகளைச் சுட்டிக்காட்ட வேண்டும். முழுமையான விண்ணப்பம் கிடைத்து 90 நாட்களுக்குள் பொதுவாக முடிவெடுக்க வேண்டும். தவறினால் அனுமதி கிடைத்ததாகவே கருதப்படும். மாசசூசெட்ஸ் 2006-இல் இயற்றிய சட்டம் இதை உள்ளாட்சிகளின் விருப்பத்துக்கு விட்டது: ஒரு நகரம் தன் எல்லைக்குள் குறிப்பிட்ட இடங்களை முன்னுரிமை வளர்ச்சி இடங்களாக அறிவிக்கலாம், அறிவித்துவிட்டால், அந்த இடத்துக்கான உள்ளூர் அனுமதிகள் அனைத்தையும் 180 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். எங்கே தொழில் வரலாம் என்பதை ஊரே முடிவு செய்துவிட்டு, பிறகு காலத்துக்குக் கட்டுப்படுகிறது. இந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கலிஃபோர்னியாவின் அனுபவம் எச்சரிக்கையாக அமைகிறது. அங்கே 1977-இலேயே அனுமதிகளை விரைவுபடுத்தும் சட்டம் வந்துவிட்டது. 30 நாட்களுக்குள் விண்ணப்பம் முழுமையானதா என்று சொல்ல வேண்டும், கெடு தாண்டினால் ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளலாம் என்றெல்லாம் அதில் உண்டு. ஆனால் ஒப்புதலுக்கான கெடு, மாநிலத்தின் 1970-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழான ஆய்வு முடிந்த பிறகே ஓடத் தொடங்குகிறது. விரிவான அறிக்கை தேவைப்படும் திட்டங்களில், காலம் கரைவது பெரும்பாலும் அந்த ஆய்வில்தான். ஆக, கெடு மிகக் கண்டிப்பாக இருந்தும், அதிகம் தாமதமாகும் கட்டத்தை அது தொடவே இல்லை. அரை நூற்றாண்டு கழித்து, 2025 ஜூன் இறுதியில், நகரங்களுக்குள் எழும் குடியிருப்புகளுக்கும் சில வகை உற்பத்தி ஆலைகளுக்கும் அந்த ஆய்விலிருந்தே விலக்களிக்கும் சட்டங்களை இயற்ற வேண்டிய நிலை அந்த மாநிலத்துக்கு வந்தது.

வேறொரு சிக்கலும் இருக்கிறது. கெடு நெருங்கும்போது ஆய்வு முடியாத அலுவலர், தானாக ஒப்புதல் ஆகிவிடக் கூடாது என்பதற்காக விண்ணப்பத்தை நிராகரித்துவிடலாம். அல்லது ‘கால நீட்டிப்புக்கு நீங்களே எழுதிக் கொடுங்கள்’ என்று விண்ணப்பதாரரைக் கேட்கலாம். மறுத்தால் நிராகரிப்பு என்ற நிலையில் யார்தான் எழுதித் தராமல் இருப்பார்? கடை உரிமம், பெயர்ப்பலகை, எளிய கட்டட மாற்றம் போன்றவற்றுக்குத் தானாக ஒப்புதலாகும் முறை நன்றாகப் பொருந்தும். ஆற்றில் ரசாயனக் கழிவுநீரை விடுவதற்கான அனுமதி, யாரோ ஒரு கோப்பைப் படிக்கத் தவறியதால் கிடைத்துவிடக் கூடாது.

கேள்வி: கோப்பு எங்கே இருக்கிறது என்று இணையத்தில் காட்டினால் மட்டும் வேலை விரைவாகிவிடுமா?

பதில்: நிலையை மட்டும் காட்டினால் ஆகாது, யாருடைய முறை என்பதையும் காட்டினால் ஆகும். வர்ஜீனியாவின் சுற்றுச்சூழல் தரத் துறை 2022-இல் தொடங்கி, பிறகு மற்றத் துறைகளுக்கும் விரிவுபடுத்தப்பட்ட தளத்தில், ஒவ்வோர் அனுமதியும் கடக்க வேண்டிய படிகள், ஒவ்வொன்றுக்கும் திட்டமிட்ட நாள், உண்மையில் முடிந்த நாள் ஆகியவை வரிசையாகக் காட்டப்படுகின்றன. கோப்பு துறையிடம் நிற்கிறதா, விண்ணப்பதாரரின் பதிலுக்காக நிற்கிறதா என்பது அதில் வெளிப்படையாகத் தெரிகிறது. பல நேரங்களில் தாமதம் நிறுவனம் அமர்த்திய ஆலோசகரின் மேசையில் இருக்கும். அவர் தம் வாடிக்கையாளரிடம் ‘அரசு இழுத்தடிக்கிறது’ என்று சொல்லிக்கொண்டிருக்க இனி இயலாது.

கேள்வி: அரசு அலுவலர்களுக்குப் பதிலாகத் தனியார் வல்லுநர்களே விண்ணப்பத்தை ஆய்வு செய்யலாம் என்று சில மாநிலங்கள் சொல்கின்றன. வேலியே பயிரை மேயாதா?

பதில்: அந்த அச்சத்துக்கு இடமில்லை என்று சொல்ல மாட்டேன். விதிகள் எப்படி எழுதப்பட்டுள்ளன என்பதைப் பொறுத்தது அது. பென்சில்வேனியா 2024-இல் இயற்றிய சட்டப்படி, மண் அகழ்வு, நீர்வழிகளில் கட்டுமானம், காற்று மாசு தொடர்பான சில வகை அனுமதிகளுக்கு, சுற்றுச்சூழல் துறையின் அங்கீகாரம் பெற்ற வெளி வல்லுநர் முதற்கட்ட ஆய்வைச் செய்யலாம். செலவு விண்ணப்பதாரருடையது. ஆனால் இறுதி முடிவைத் துறை மட்டுமே எடுக்கும். டெக்சாஸ் 2013-இல் வேறு வழியில் சென்றது: பொருளாதாரத்துக்கு நன்மை தரும் திட்டம் என்று காட்டும் நிறுவனம், காற்று அனுமதிக்காகக் கூடுதல் கட்டணம் செலுத்தலாம், அந்தப் பணத்தைக் கொண்டு மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையம் தன் பணியாளர்களுக்குக் கூடுதல் நேர ஊதியம் தரலாம், அல்லது ஒப்பந்த முறையில் ஆட்களை அமர்த்தலாம்.

இரண்டிலும் நான் பார்க்கும் உண்மை ஒன்றுதான்: தாமதத்துக்கு முக்கியக் காரணம் ஆள் பற்றாக்குறை. அனுபவமுள்ள அனுமதிப் பொறியாளரைத் தனியார் நிறுவனங்கள் கூடுதல் ஊதியம் கொடுத்து அழைத்துக்கொள்கின்றன. அவர் இடத்துக்கு வரும் இளைஞர் பழகுவதற்குள் கோப்புகள் குவிந்துவிடுகின்றன. ஆகவே துறைக்கு நிரந்தரமாக நல்ல ஊதியத்தில் ஆட்களைச் சேர்ப்பதே நேர்வழி. வெளி வல்லுநர் முறையைத் திடீரெனப் பெருகும் சுமையைத் தாங்கும் துணையாக வைத்துக்கொள்ளலாம். அதையே முதன்மை வழியாக்கினால், சில ஆண்டுகளில் வெளி வல்லுநர் எழுதியது சரியா என்று பார்க்கத் தெரிந்தவர் துறைக்குள் எவரும் இருக்கமாட்டார்கள்.

கேள்வி: நிறுவனம் வருவதற்கு முன்பே நிலத்தைத் தயார் செய்துவைக்கும் முறை பற்றிச் சொல்லுங்கள்.

பதில்: விரைவுபடுத்தும் வழிகளில் இதற்குத்தான் நான் முதலிடம் தருவேன். மண் பரிசோதனை, ஈரநில அளவீடு, தொல்லியல் ஆய்வு, சாலை, மின்சாரம், குடிநீர் ஆகியவற்றை மாநிலமோ உள்ளூர் வளர்ச்சி அமைப்போ முன்கூட்டியே முடித்து வைத்துவிட்டால், நிறுவனம் வரும் நாளில் பாதி வழி கடந்தாகிவிடுகிறது. நிறுவனம் இடம் தேடி அலையும் காலமும், ஆய்வு நடக்கும் காலமும் தனித்தனியே ஓடாமல் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. எந்தக் கேள்வியும் நீக்கப்படுவதில்லை. முன்பே கேட்கப்படுகிறது, அவ்வளவே.

ஜார்ஜியா இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சவானா துறைமுகத்துக்கு அருகே பிரையன் கவுண்டியில் இரண்டாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை மாநிலமும் நான்கு கவுண்டிகளின் கூட்டு வளர்ச்சி ஆணையமும் சேர்ந்து 2021-இல் 6.1 கோடி டாலருக்கு வாங்கின. 2022 மே மாதம் ஹூண்டாய் நிறுவனம் அங்கே 550 கோடி டாலரில் மின்வாகன ஆலை அமைப்பதாக அறிவித்தது. அக்டோபரில் அடிக்கல் நாட்டு விழா. 2024 அக்டோபரில் உற்பத்தி தொடங்கியது. இத்தனை பெரிய ஆலைக்கு இது வியக்கத்தக்க வேகம்.

ஆயினும் அதே கதையில் ஒரு பாடம் உண்டு. ஆலைக்காக நிலத்தடியிலிருந்து நாளொன்றுக்கு 66 லட்சம் கேலன் வரை நீர் எடுக்க வேண்டும் என்பது பின்னர் வெளிப்பட்டது. ஓகீச்சி ஆற்றைக் காக்கும் அமைப்பு ஆட்சேபம் எழுப்ப, 2022-இல் தான் அளித்த அனுமதியை மறு ஆய்வு செய்யப் போவதாக ராணுவப் பொறியாளர் படை 2024 ஆகஸ்டில் அறிவித்தது; விண்ணப்பித்த வளர்ச்சி அமைப்புகள் இந்த நீர்த் தேவையைக் குறிப்பிடவில்லை என்பது அது சொன்ன காரணம். ஆலை நின்றுவிடவில்லை. ஆனால் உற்பத்திக்கு இரண்டு மாதமே இருந்தபோது, அந்த வட்டாரத்து உழவர்களும் வீட்டுக் கிணறுகளை நம்பியிருப்போரும் கவலையோடு கூட்டங்களுக்கு வர வேண்டியிருந்தது. நிலத்தைத் தயார் செய்யும் அமைப்பு, அங்கே வரப்போகும் தொழில் எவ்வளவு நீர் கேட்கும் என்ற கணக்கையும் அதே நாளில் போட்டிருக்க வேண்டும்.

கேள்வி: பெரிய முதலீடு என்றால் சில அனுமதிகளிலிருந்து முழு விலக்கு அளிப்பதில் தவறென்ன?

பதில்: விஸ்கான்சினை நினைத்துப் பாருங்கள். ஃபாக்ஸ்கான் நிறுவனம் 1,000 கோடி டாலர் முதலீடும் 13,000 வேலைகளும் தருவதாகச் சொன்னதை நம்பி, ஆளுநர் ஸ்காட் வாக்கர் 2017 செப்டம்பரில் சிறப்புச் சட்டம் ஒன்றில் கையெழுத்திட்டார். சுமார் 300 கோடி டாலர் சலுகைகளோடு, மாநிலத்தின் ஈரநில அனுமதியிலிருந்தும் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையிலிருந்தும் அந்தத் திட்டத்துக்கு விலக்கு கிடைத்தது. மவுண்ட் பிளசன்ட் கிராமத்தில் வீடுகளும் விளைநிலங்களும் கையகப்படுத்தப்பட்டன. 2021 ஏப்ரலில் ஒப்பந்தம் திருத்தப்பட்டபோது, எஞ்சியிருந்த வாக்குறுதி 67.2 கோடி டாலர் முதலீடும் 1,454 வேலைகளும் மட்டுமே. சலுகையும் 8 கோடி டாலராகச் சுருங்கியது.

அத்திட்டம் சுருங்கியதற்கு அனுமதித் தாமதம் காரணமன்று. வேகம் வேண்டிய அளவுக்கு இருந்தது. ஆலையின் வகையும் அளவும் உறுதியாகாத நிலையிலேயே சட்டம் வந்துவிட்டது. என்ன கட்டப் போகிறீர்கள், எத்தனை பேருக்கு வேலை, எவ்வளவு நீர், எவ்வளவு மின்சாரம் என்று விரிவாக எழுதித் தரச் சொல்வதே அனுமதி நடைமுறையின் பெரும்பகுதி. அந்தக் கேள்விகளுக்கு விடை சொல்ல முடியாத திட்டம் இன்னும் திட்டமாகவே உருப்பெறவில்லை என்பதை அரசு அறிந்துகொள்ள அதுவே நல்ல வாய்ப்பு. விஸ்கான்சின் அதை விட்டுக்கொடுத்தது.

கேள்வி: கூட்டாட்சி அரசின் அதிகாரத்தையே மாநிலம் வாங்கிக்கொண்டால் வேகம் கூடுமா?

பதில்: கூடலாம், அடித்தளம் உறுதியாக இருந்தால். ஈரநில அனுமதி அதிகாரத்தை மிச்சிகன் 1984-இலும் நியூ ஜெர்சி 1994-இலும் பெற்று இன்றளவும் நடத்தி வருகின்றன. ஃபுளோரிடா 2020 டிசம்பரில் பெற்றது; அழிந்துவரும் உயிரினங்களுக்கான பாதுகாப்பு நடைமுறை சட்டப்படி அமையவில்லை என்று கூறி, 2024 பிப்ரவரியில் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த ஒப்படைப்பை ரத்து செய்தது. நிலுவையில் இருந்த விண்ணப்பங்கள் நடுவழியில் நின்றன. நீதிமன்றத்தில் நிற்காத வேகத்தால் யாருக்கும் பயனில்லை.

கேள்வி: பொதுமக்கள் கருத்துக் கேட்புதான் எல்லாத் தாமதத்துக்கும் காரணம் என்கிறார்களே?

பதில்: கருத்துக் கேட்பு எப்போது நடக்கிறது என்பதுதான் முக்கியம். வடிவமைப்பு முழுவதும் முடிந்த பிறகு ஊரைக் கூட்டினால், எழும் ஒவ்வோர் ஆட்சேபமும் வரைபடத்தைத் திருத்தச் சொல்லும், அது தாமதம். நியூயார்க் மாநிலம் 2020-இல் புதுப்பிக்கத்தக்க மின்நிலையங்களுக்கென ஒரு தனி அலுவலகத்தை உருவாக்கியபோது, விண்ணப்பிப்பதற்கு முன்பே நிறுவனம் உள்ளாட்சியைக் கலந்தாலோசித்து, ஊர்க் கூட்டமும் நடத்த வேண்டும் என்று விதித்தது. பிறகு விண்ணப்பம் முழுமையானதா என்று சொல்ல 60 நாட்கள், முழுமையானபின் முடிவுக்குப் பொதுவாக ஓராண்டு. நிபந்தனைகள் எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவாக முன்கூட்டியே எழுதப்பட்டுள்ளன. சுற்றுவட்டார மக்களின் மின்கட்டணத்தில் சலுகையும் உண்டு.

இதிலும் குறை இருக்கிறது. உள்ளூர் விதி அளவுக்கு மீறிய சுமை என்று தோன்றினால் அந்த அலுவலகம் அதை ஒதுக்கிவைக்கலாம். இதனால் பல ஊர்கள் தங்கள் குரல் மதிக்கப்படவில்லை என்று வருந்துகின்றன. அந்த வருத்தத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். காலம் குறைக்கப்படும்போது, கிடைக்கும் குறைந்த நாட்களுக்குள் ஒரு சிற்றூர் தன் தரப்பை எடுத்துச் சொல்ல வழக்கறிஞருக்கும் பொறியாளருக்கும் பணம் தேவைப்படுகிறது. நியூயார்க்கில் அதற்கென நிறுவனங்களே ஒரு தொகையைச் செலுத்த வேண்டும் என்ற ஏற்பாடு உள்ளது. விரைவுத்தடம் அமைக்கும் எந்த மாநிலமும் இந்த ஏற்பாட்டையும் சேர்த்தே அமைக்க வேண்டும்.

கேள்வி: இவையெல்லாம் பெருநிறுவனங்களுக்கு. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கு ஏதாவது உண்டா?

பதில்: உண்டு, அதிகம் பேசப்படாதது என்றாலும், மிகப் பலருக்குப் பயன்படுவது அதுதான். ஒரே வகையான, ஆபத்துக் குறைந்த வேலைகளுக்கு மாநிலம் ஒரு பொது அனுமதியை நிபந்தனைகளோடு முன்பே எழுதி வெளியிட்டுவிடுகிறது. ஒரு ஏக்கரோ அதற்கு மேலோ நிலத்தைக் கிளறும் கட்டுமானத்துக்கு மழைநீர் அனுமதி தேவை. ஆனால் பெரும்பாலானோர் தனி அனுமதிக்காகக் காத்திருப்பதில்லை. பொது அனுமதியின் நிபந்தனைகளுக்குக் கட்டுப்படுவதாக விருப்ப அறிவிப்பு அளித்து, மண் அரிப்பைத் தடுக்கும் திட்டத்தை ஆயத்தமாக வைத்திருந்தால் போதும். இப்படி எளிய கோப்புகள் தனித்தனி ஆய்விலிருந்து விலகுவதால், சிக்கலான கோப்புகளுக்கு அலுவலரின் நேரம் மிஞ்சுகிறது.

வாஷிங்டன் மாநிலத்தில் ஆளுநரின் கீழ் இயங்கும் ஒழுங்குமுறைப் புதுமை மற்றும் உதவி அலுவலகம், எந்தத் தொழிலுக்கு எந்தெந்தத் துறையின் அனுமதி தேவை என்பதைக் கட்டணமின்றி விளக்குகிறது. பல மாநிலங்களின் சுற்றுச்சூழல் துறைகள் விண்ணப்பத்துக்கு முந்தைய சந்திப்புக்கும் நேரம் ஒதுக்குகின்றன. சிறு தொழில் செய்வோர் அந்தச் சந்திப்பைத் தவறவிடக் கூடாது. நிலத்தின் வரைபடம், பயன்படுத்தப் போகும் ரசாயனங்களின் பட்டியல், நாளொன்றுக்குத் தேவைப்படும் நீரின் அளவு ஆகிய மூன்றையும் எடுத்துச் சென்று, ‘இந்த விண்ணப்பத்தை முழுமையானது என்று ஏற்க உங்களுக்கு இன்னும் என்ன வேண்டும்?’ என்று கேட்டு, கிடைக்கும் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.